பிடிமானம்

லோய்ஸே அடக்கங்களுக்கு ஊதுகிறவர்.
த்ரபோவ்லியேயில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்,
சுரங்கக்காரர்களின் பேண்டை மூடவில்லை.
கறுப்புச் சீருடை, தொப்பியில் இறகு,
உதட்டில் ஃப்ளூகல்ஹார்ன்,
உதட்டுக்குப் பின்னால் என் வேலை:
ஒரு ஜோடி பல்செட்.

மேல்செட்டைப் பற்றிப் புகாரில்லை.
ஈரத்தில் ஒட்டிய இரண்டு கண்ணாடிச் சில்லுபோல
அண்ணத்தை விடாது.
கீழ்செட்டுதான் தோணி.
நாக்கு இடிக்கும், கன்னம் தள்ளும்,
அடியில் எலும்பு வருஷா வருஷம்
சோப்புக்கட்டியாய்க் கரையும்.
மூன்று தரம் அச்செடுத்து உட்புறம் நிரப்பித் தந்தேன்.
அவர் பசையை மாவு மாதிரி அப்பிக்கொண்டார்.
ஒரு தரம் கைநழுவிப் பீங்கான் தொட்டியில் விழுந்து
நட்டநடுவில் இரண்டாய்ப் போனது.
விளிம்போடு விளிம்பு சேர்த்து,
அடியில் சாந்து வார்த்து நிறுத்தி,
பொடியும் திரவமும் குழைத்து இணைத்தேன்.
கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள் என்றேன்.
“தண்ணீர் பில் நீ கட்டுவாயா?”

யெர்னெய்யை அடக்கம் செய்த அன்று
ஏப்ரல் மாதம், ஆனாலும் பனி தூறியது.
இசையின் கடைசி ஏற்றத்தில்
தோணி மிதந்தது.
சுரம் பாதியில் அறுந்தது.
குழலைத் தாழ்த்தினார், வாயைப் பொத்தினார்,
தோள் குலுங்க நின்றார்.
இருமல்தான். பசை தொண்டைக்குள் போயிருந்தது.
சுற்றி நின்றவர்கள்
அப்போதுதான் அழத் தொடங்கினார்கள்.

யெர்னெய்யின் மனைவி லுட்மிலா
கையுறையைக் கழற்றிவிட்டு
அவர் கையைப் பிடித்தாள்.
“நாற்பது வருஷம் ஒரே ஷிஃப்ட்.
உங்களால் எப்படி ஊத முடியும்?”
வாய் திறந்தால் விழுந்துவிடும்.
தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டியவர்
உட்காரவில்லை.
“திருடிவிட்டேன்” என்றார்.
“எதை?”
“அவள் சொன்ன நன்றியை.”

டாக்டர் வெசேல்
கோரைப்பற்கள் இருந்த இரண்டு இடத்திலும்
டைட்டானியம் திருகு இறக்கினார்.
அப்புறம் காத்திருப்பு.
மூன்று மாதம் சூப், மசித்த உருளைக்கிழங்கு,
குழலைத் தொடக்கூடாது.
எலும்புக்கு அவசரம் கிடையாது,
அந்நிய உலோகத்தைச் சுற்றிச் சுற்றி முகர்ந்து
ஒருநாள் நம்மவன்தான் என்று முடிவுகட்டும் என்றேன்.
லோய்ஸே நம்பவில்லை.
“உள்ளே நாங்கள் நட்ட மரத்தூண் எத்தனை!
ஒன்றைக்கூட மலை நம்மவன் என்று சொல்லவில்லை.
நசுக்கத்தான் பார்த்தது.”

ஆகஸ்டில் திருகுகளின் தலையில் குமிழ்கள்,
செட்டின் அடியில் குடைந்த குழிகளில்
நைலான் தொப்பிகள்.
நீலம் இளகலாய்ப் பிடிக்கும்,
இளஞ்சிவப்பு நடுத்தரம்,
நிறமற்றது உடும்பு.
உடும்பைக் கேட்டார்.
வைத்து அழுத்தினேன். டிக்.
நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்தேன்,
இரண்டு பக்கமும் புள்ளிகள் சமம்.
கண்ணாடியைக் கேட்காமல்
பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார்.

நவம்பரில் இன்னொரு அடக்கம்.
என் வேலையைக் காதால் கேட்க நானும் போனேன்.
ஒரு சுரம் பிசகவில்லை.
கடைசி ஏற்றம் பழைய மின்நிலையத்தின்
புகைபோக்கி உயரத்துக்குப் போய்
அங்கேயே நின்றது.
யாரும் அழவில்லை.
பின்வரிசையில் ஒருவர் தும்மினார்.
லுட்மிலா போகிற போக்கில் சொன்னாள்:
“நன்றாகத்தான் ஊதினீர்கள்.
ஆனால் யெர்னெய்க்கு ஊதினீர்களே, அது வேறு.”

நேற்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.
தொப்பி தேய்ந்திருக்கும், பார் என்றார்.
தேயவில்லை.
சுவரைப் பார்த்தபடி கேட்டார்:
“நீலம் இருக்கிறதா?”
“ஆடுமே.”
“கொஞ்சம் ஆடட்டும்.”

உள்ளறைக்கு எடுத்துப் போனேன்.
குழாயைத் திறந்தேன்,
அதே உடும்புத் தொப்பிகளைப் பிரஷ்ஷால் தேய்த்தேன்,
கொண்டுவந்து மாட்டினேன். டிக்.
நாக்கால் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார்.
“ம், ஆடுகிறது. இது போதும்.”

இரண்டு நீலத் தொப்பிக்கு
காசும் வாங்கிக்கொண்டேன்.