ழ போட்ட பந்து

பந்தில் அடையாளம் வேண்டுமாம்.
மற்றவர்கள் மூன்று புள்ளி வைப்பார்கள், அம்பு வரைவார்கள்.
நான் பச்சை மார்க்கரால்
ழ போட்டேன்.
இந்தக் கடலில் வேறு யாரும் போட மாட்டார்கள்
என்ற தைரியம்.

த்ரூ தோ தூஸ் துறையிலிருந்து படகில் போக வேண்டும்.
மான் தீவு என்று பெயர்.
மான் எங்கே என்றேன்.
படகுக்காரர் என் கோல்ஃப் பையைப் பார்த்துவிட்டு
ஓடிவிட்டன என்றார்.

சனிக்கிழமைகளில் கோயம்புத்தூரில் நான் ஆடுவது தரையில்.
இங்கே தரை ஒரு வதந்தி.
அடிக்கிற இடம் கொஞ்சம் புல்,
போய்ச் சேர வேண்டிய இடம் கொஞ்சம் புல்,
நடுவில் கழி.
அதன் ஓரத்தில் கண்டல் மரங்கள்
முட்டிக்கு மேல் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
வேடிக்கை பார்க்கின்றன.

காற்றையும் சொல்ல வேண்டும்.
தென்றலா, இல்லை. கொண்டலா, அதுவும் இல்லை.
இரண்டுக்கும் நடுத்திசையில் பிறந்து
இரண்டு வீட்டிலும் அடங்காத பிள்ளை.
நேராகப் போன பந்தை
பாதி வழியில் கூப்பிட்டு
ஏதோ சொல்லி
கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

கேடியின் பெயர் ழான் நோயெல்.
தமிழில் எழுதினால் உனக்கும் இதே எழுத்துதான் என்று காட்டினேன்.
ஒலி வேறு.
ஆனாலும் எங்களிடம் உனக்குத் தர
இதைவிட அருகில் ஒன்றும் இல்லை.
அவன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
'கூர்பா' என்றான்.
நத்தை.

மூன்றாவதில் 'தீலோ' என்றான்.
நல்ல அடி என்கிறான் போல,
நன்றி சொன்னேன்.
ஐந்தில் தீலோ.
ஆறில் இரண்டு முறை.
ஏழாவதில்தான் புரிந்தது
தீலோ என்றால் தண்ணீர்.

ஸ்பாவில் இருந்த கணவருக்குச் செய்தி அனுப்பினேன்:
'ஏழாம் குழியில் பிழை. கழியில் விழுந்தது.
ஆழம். இழந்தேன்.'
அனுப்பிய பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
அவரும் பார்த்திருக்கிறார்.
'வேறு எழுத்து போட்டிருக்கலாம்'
என்று பதில் வந்தது.

மறுநாள் காலை துறையில்
ரிஷார் வீராப்பென்
முட்டை அட்டையில் பந்துகளை அடுக்கி வைத்திருந்தான்.
முடி இன்னும் ஈரம்.
நல்லது ஐம்பது ரூபாய், கீறல் விழுந்தது இருபது.
இரண்டாம் வரிசையில்
எனக்குத் தெரிந்த கையெழுத்து.
ஒன்று, இரண்டு, ஐந்து.

நத்தை நீங்கள்தானா என்றான்.
அவன் தாத்தாவின் தாத்தாவுக்கு இந்த எழுத்து தெரிந்திருக்கலாம்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
பேரம் பேசினோம்.
ஐந்தையும் நூற்றைம்பதுக்குத் தந்துவிட்டு
கொசுறாக ஒன்றை எடுத்துப் போட்டான்.
யாருடையதோ. அடையாளம் அழிந்து,
ஒரு பக்கம் கொட்டலசு ஒட்டிய பந்து.
பல நாளாக யாரும் கேட்கவில்லை என்றான்.

அன்றும் ஏழாம் குழி.
பையிலிருந்த ஐந்தும்
வரும் வழியிலேயே திரும்பிப் போயிருந்தன
தெரிந்த இடத்துக்கு.
அந்தக் கிழட்டுப் பந்தை வைத்தேன்.
இரவல் பொருளை வீசும் அலட்சியத்தில்
இடுப்பு தானாகத் திரும்பியது.
காற்று கூப்பிட்டது.
பந்துக்குக் காது கேட்கவில்லை போலும்.

ழான் நோயெல் வாயைத் திறந்தான்,
சொல்ல வந்த சொல் இல்லை,
மூடினான்.

அக்கரையில் பங்கருக்குள் விழுந்திருந்தது.
மணலிலிருந்து வெளியே வர ஐந்து அடி.
கிரீனில் நான்கு.
அட்டையில் ஒன்பது என்று எழுதினான்.
பத்து என்றேன்.
பரவாயில்லை மேடம், யார் பார்க்கிறார்கள் என்றான்.

ஈரோட்டில் தணிக்கை செய்கிறவள் நான்.
பத்து, ழான்.
பத்து.