ஏழாம் எண்

ஆறு, தவளையின் இதயம்.
எட்டு, நாடாப்புழு.
நடுவில் பஞ்சு விரித்த தட்டில்
விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை வளைவு.
பெயர்ச்சீட்டைப் பூச்சி தின்று
'டென்' மட்டும் மிச்சம்.
அதையும் கிழித்துவிட்டுத்தான் தேர்வுக்கு வைப்போம்.

ஒத்தக்கடைக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில்
பத்தொன்பது வருடமாக
அதைத் துடைத்து வைப்பவன் நான்.
சம்பளப் பட்டியலில் சிக்கந்தர் கனி,
பிள்ளைகளுக்கு ஃபார்மலின் அண்ணன்.
ஓர் எண்ணுக்கு மூன்று நிமிடம்.
மணி அடிப்பதும் என் வேலை.

பன்றிப் பல் என்று எழுதினான் ஒருத்தன்.
குட்டி யானையின் கொம்பு என்று இன்னொருத்தன்.
அவன்மேல் தப்பில்லை,
ஜன்னலுக்கு வெளியே
தந்தமில்லாமல் படுத்துக்கிடக்கிறது யானைமலை.

எனக்குத் தெரியும், சொல்லக் கூடாது.
தந்தச்சிப்பி.
தலையைக் கடல்மணலில் புதைத்துக்கொண்டு
வால்முனையை மட்டும் தண்ணீருக்கு நீட்டியிருக்கும்.
மூச்சும் அந்த ஓட்டைதான்
கழிவும் அந்த ஓட்டைதான்.
செவுள் கிடையாது, கண் கிடையாது.
நூல் நூலாய்க் கை நீட்டி
மணலிலும் சின்ன உயிர்களைத்
தடவித் தடவித் தின்னும்.
போன துறைத்தலைவர் பாடம் எடுத்தபோது
கதவோரம் நின்று கேட்டது.

பதிவெண் முப்பத்தொன்று,
வெள்ளலூர் அழகுநாச்சி,
தொடக் கூடாததைத் தொட்டாள்.
கண்ணில் வைத்துப் பார்த்தாள்.
வளைவில் அந்தப் பக்கம் தெரியாது
வெளிச்சம் மட்டும் வரும்,
நானும் பார்த்திருக்கிறேன்.
பிறகு உதட்டில் வைத்து ஊதினாள்.

சத்தம் வரவில்லை.
விடைத்தாள்மேல்
ஒரு சிட்டிகை மணல் விழுந்தது.

பத்தொன்பது வருடம் துடைத்தேன்,
வெளிப்பக்கம்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.
மணலை விரலில் ஒற்றித் தேய்த்தார்.
"எங்க ஊரு மண்ணு" என்றார்
யாரிடமும் இல்லாமல்.
அப்புறம், மாதிரியைத் தொட்டதற்காக
அரை மதிப்பெண் குறைத்தார்.

கடலுக்குப் போகாத ஆற்றின் ஊர் இது.
இந்தச் சிட்டிகையை
நான் எந்தப் பக்கம் கூட்டுவது?

துடைப்பம் மூலையில் இருந்தது.
மணி என் கையில் இருந்தது.
மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
ஐந்தில் நின்றவள் ஐந்தில் நிற்க
ஏழில் நின்றவள் ஏழில் நிற்க
நாடாப்புழுவோடு மாட்டிக்கொண்டவன் மட்டும்
மெதுவாகச் சொன்னான்,
"அண்ணே, மணி."