வலது முழங்கால்

எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து
டொக்டர் கேட்டார்: "வயல் வேலையா அம்மா?"
இல்லை என்றேன்.
"கன வருஷம் குந்தியிருந்து செய்த வேலை ஏதும்?"
வலயக் கல்வி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம்,
கதிரையில்தான்.
"அப்ப இந்த மூட்டுக்கு என்ன நடந்தது?"

என்ன நடந்தது.
புளியந்தீவில், தேவாலய மண்டபத்துக்குப் பின்னால்
சீமெந்துத் தரையில் ஒரு கோர்ட் இருந்தது.
கூரை இல்லை. கோடுகள் சுண்ணாம்பு.
ஆடியில் கச்சான் அடித்தால்
வலைக்கு மேலே ஏறிய பூப்பந்து
கடற்பக்கமாக யோசிக்கத் தொடங்கும்.
அது முடிவெடுக்க முன்னம் நான் அங்கே நிற்க வேண்டும்,
இடதுகாலில் தள்ளி வலதுகாலில் இறங்கி.
அந்த இறக்கம்தான் டொக்டர்.
ஒரு நாளைக்கு முந்நூறு தரம்,
பதினேழு வருஷம்.

இரட்டையரில் ஷெரில் பார்த்தலட் பின்னால் நின்று கத்துவாள்:
"விடு கா! விடு! அவுட்!"
கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழப்போவது
என் முதுகுக்கு மேலால் அவளுக்குத் தெரியும்.
நான் விட்டதில்லை.
விட்டிருந்தால் கிடைத்திருக்கும் புள்ளிகள்
ஒரு கொப்பி நிறைய வரும்.

அந்தக் காலம் சேர்வ் கையில் இருந்தால்தான் புள்ளி.
சேர்வ் அவர்களிடம் இருக்கும்போது
எவ்வளவு ஓடி, எவ்வளவு விழுந்து, எதை எடுத்தாலும்
பலகையில் ஒன்றும் ஏறாது.
சேர்வ் மட்டும் கைமாறும்.
நாலுக்கு நாலு என்று
அரைமணித்தியாலம் அசையாமல் நின்ற ஆட்டங்கள் உண்டு.
பிறகொரு காலம் விதியை மாற்றி
எந்த அடிக்கும் புள்ளி என்றார்கள்.
இவ்வளவு மலிவா என்று நினைத்தேன்.

முதல் தேசியப் போட்டிக்குப் போகையில்
மன்னம்பிட்டியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள்.
பூப்பந்துக் குழாய் நீளமாய் இருந்ததுதான் பிழை.
மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து,
தக்கையைக் கத்தியால் பிளந்து பார்த்தான் ஒரு பொடியன்.
பன்னிரண்டையும்.
ஒன்றில் மட்டும் இறகுகளை எண்ணினான். பதினாறு.
ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.
கொழும்பில் என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.
வராமலே தோற்றேன்.
பாலத்தடியில் குந்தியிருந்து
பாணும் வாழைப்பழமும் தின்றாள் ஷெரில்.
"றோட்டுத்தான் கா தோத்தது."

அடுத்த வருஷம் ஒன்பது நாள் முந்திப் போனோம்.
மூடிய மண்டபம். காற்றில்லை.
இல்லாத கச்சானுக்குக் கணக்குப் போட்டு
ஒரு முழம் தள்ளித் தள்ளி அடித்தேன்.
முதல் ஆட்டம் இரண்டுக்குப் பதினொன்று.
பிறகுதான் விளங்கியது:
இங்கே பந்து சொன்ன இடத்துக்குப் போகும்.
அப்படிப் போகிற ஒன்றை
அன்றைக்குத்தான் கண்டேன்.

கிண்ணம் சுழற்கிண்ணம்.
பதினொரு மாதத்தில் கடிதம் வரும்,
மினுக்கித் திருப்பி அனுப்பவும் என்று.
பழப்புளி போட்டுத் தேய்த்து, சாக்கில் சுற்றி
கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பேன்;
போய் வென்று நானே தூக்கி வருவேன்.
மூன்று தரம்.
நாலாம் தரம் அது திரும்பி வரவில்லை.
அதுதான் என் ஓய்வு. மாலை, பேச்சு ஒன்றுமில்லை.
வீட்டில் கொஞ்சக் காலம்
தேய்க்காத புளி மிஞ்சிக் கிடந்தது.

ஷெரில் டச்பாரில் இருந்தாள்.
நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு,
கேக் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
அந்த ஞாயிறுதான்.

இதில் எதையும் டொக்டருக்குச் சொல்லவில்லை.
"விளையாடின நான்" என்றேன்.
"என்ன விளையாட்டு?"
"பெட்மின்டன்."
"ஓ, வீட்டு முற்றத்திலயா" என்று சிரித்துவிட்டு
அட்டையில் எழுதினார்:
எடை குறைக்கவும். படி ஏற வேண்டாம்.

வெளியே கச்சான் தொடங்கியிருந்தது.
மருந்துப் பொலித்தீன் பை ஒன்று
அம்புலன்ஸ் கூரைக்கு மேல் எழும்பி,
தயங்கி,
என் இடதுபக்கம், பின்னால், சரிந்தது.
தெளிவாக அவுட்.
யாரும் கத்தவில்லை.
வலதுகால் ஏற்கனவே போய்விட்டிருந்தது.