கொல்லைப்புற வெளிச்சம்

செவ்வாய் மதியம்
சூரியனில் ஒரு துண்டு பிய்ந்து கிளம்பியபோது
நான் துணைமின் நிலையத்து வாசலில்
பனி வழித்துக்கொண்டிருந்தேன்.
மதியம் என்பது இங்கே பேச்சுக்குத்தான்.
டிசம்பர் தொடக்கத்திலிருந்து
சூரியன் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.
தெற்கே பைன் மரங்களின் நுனியில்
கொஞ்சம் நீலம் பூசிவிட்டு
அப்படியே திரும்பிவிடும்.

வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வந்துவிடும்.
இவற்றுக்கு எடை உண்டு.
எலக்ட்ரான், புரோட்டான்:
வீடு உடைந்ததும் கையில் கிடைத்ததோடு
வெளியேறியவர்களைப் போல
அணுவை விட்டுப் பிரிந்தவை.
நொடிக்கு எழுநூறு கிலோமீட்டர் ஓடியும்
இரண்டரை நாள் ஆனது.

அந்த இரண்டரை நாளில்
என் காரின் பேட்டரி செத்தது.
கம்பு ரொட்டி வாங்கினேன்.
என் அண்ணன் தாய்ஸ்தோ
இனாரி ஏரியின் உறைபனியில் துளையிட்டுத்
தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறான் என்று
கடைக்காரி சொன்னாள்.
அவன் என்னிடம் எதையும் சொல்வதில்லை.
அப்பாவின் படகை நான் விற்று நான்கு வருடம்.

வியாழன் இரவு ஒன்பது நாற்பதுக்கு
மூன்றாம் மின்மாற்றி உறுமியது.
கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது.
வானம் எரிவதை
நான் காதால்தான் பார்ப்பேன்.

பூமியின் காந்தப்புலம்
முன்வாசலில் யாரையும் விடாது.
வந்த கூட்டம் இரு பக்கமும் வழிந்து
போகிற போக்கில் அதன் முந்தானையைப் பிடித்து
இரவுப் பக்கம் நீள நீள இழுக்கிறது.
ஒரு கட்டத்தில் அது அறுந்து,
அறுந்த வேகத்திலேயே வேறு முடிச்சிட்டுக்கொண்டு
கவண்போலத் திருப்பி அடிக்கிறது.
வாசலில் மறிக்கப்பட்ட சூரியன்
கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது.

எங்கள் மொழியில் இதற்கு நரிநெருப்பு என்று பெயர்.
நரி வாலால் பனியை அடித்த பொறியாம்.
நரி இல்லை.
வால் மட்டும் உண்மை.

நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டம்
எங்கள் மண்ணிலும் ஒன்றைக் கிளப்புகிறது.
கருங்கல் தரை அதைச் சரியாகக் கடத்தாது.
எனவே நிலக்கம்பி வழியே ஏறி
என் மின்மாற்றிக்குள் புகுந்துகொள்கிறது.
முள் பன்னிரண்டைத் தொட்டபோது
தொலைபேசி அடித்தது.

"ஓர்வோக்கி, வெளியே வா."
நான்கு வருடத்தில் முதல் வாக்கியம்.

"முடியாது. முள் ஆடுது."

"சரி, நான் சொல்றேன்.
பச்சை. திரை மாதிரி இல்லை,
யாரோ அவசரமா சுருட்டின வலை மாதிரி.
கீழ் விளிம்பில உன் பூ."

என் பெயருக்கு ஊதாப்பூ என்று பொருள்.
அது நைட்ரஜன் என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை.

"மேல, ரொம்ப மேல, சிவப்பு."

பச்சையும் ஆக்சிஜன்தான், சிவப்பும் ஆக்சிஜன்தான்.
அடிபட்ட அணு
ஒரு நொடிக்குள் கொட்டிவிட்டால் பச்சை.
சிவப்புக்கு
ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடித்து வைத்திருக்க வேண்டும்.
அதற்குள் பக்கத்து அணு ஒன்று வந்து இடித்தால்
வெளிச்சமே இல்லாமல் போய்விடும்.
அதனால்தான் அது அத்தனை உயரத்தில்,
ஆளரவம் இல்லாத இடத்தில்.

"படகு விஷயம்," என்றேன்.
"உன்னைக் கேட்டிருக்கணும்."

மறுமுனையில் காற்று.
உறைபனி எங்கோ விரிசல் விட்ட சத்தம்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாற்பது நொடி.
விலையைச் சொல்லலாம், கடனைச் சொல்லலாம்,
அப்பா கடைசியில் சொன்னதைச் சொல்லலாம்.
எழுபது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மின்மாற்றி மட்டும்
தன் பாட்டுக்கு உறுமியது.
நூறு.

"நாலு மீன் மாட்டியிருக்கு," என்றான்.
"பெருசு ரெண்டு உனக்கு.
காலையில கேட் திறந்திருக்குமா?"

பதிவேட்டில் எழுதினேன்:
22:14. முள் மூன்றுக்கு இறங்கியது.
சேதம் இல்லை.
பின்வாசல் பூட்டவில்லை.