முதல் தவணை

இறுதியாண்டு முடிகிறது, எங்கே சேரலாம் என்று
கொழும்பிலிருந்து கேட்கிறாய், ரொஷாந்தினி.
எனக்கென்ன தெரியும்.

போன செவ்வாய் திருகோணமலை நீதிமன்ற வாசலில்
புள்ளிமான் ஒன்று
என் சத்தியக்கடதாசியின் இரண்டாம் பக்கத்தைத் தின்றுவிட்டது.
பொலிஸில் கிடக்கும் வள்ளத்தை மீட்க
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சித்தி பரீதா
மானையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.
"வாயால சொல்லுங்க, மகள்."

சொன்னேன்.
பைல் இல்லாத கையை எங்கே வைப்பதென்று
ஐந்து வருசப் படிப்பில் இல்லை.
கறுப்புக் கோட்டுக்குள் உப்பளம்.
வள்ளத்தின் நிறம் கேட்டார் நீதவான்;
அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது.
பின் வாங்கிலிருந்து அவள் கத்தினாள்: "நீலம்!"

அடுத்த தவணை பதினாலாம் திகதி.
பீஸ், அரைக்கிலோ கணவாய்.

இங்கே வா என்று சொல்லமாட்டேன்.
வந்தால் மூன்று பிரதி எடு,
ஒன்று மானுக்கு.