புள்ளிக் கணக்கு

கோயில் ஏட்டில் நாங்கள் ஒரு புள்ளி.
கல்யாணமான மறுவருஷமே வரி கட்டி
ரசீது வாங்கி வந்தார் சாத்தப்பன்.
பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும்
அங்கே ஒன்றுதான், அவசரமில்லை.
அவசரமெல்லாம் விசேஷ வீட்டில்
இலை போடும்போதுதான்:
"என்ன உமையா, ஒண்ணும் இல்லையா?"

என்னிடம் வேறொரு ஏடு இருக்கிறது.
தினமும் ஒரு புள்ளி.
கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே,
அபூர்வமாய், கோட்டிலேயே.
மதுரை டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான்
லித்தியம் எவ்வளவு என்று எழுதுவார்.

மேலே ஏறியிருந்த ஆடியில்
இரண்டு அறை வாடகை வீட்டுக்கு
மூவாயிரம் ஆத்தங்குடிக் கல் வாங்கினேன்.
இறக்கிவிட்ட லாரிக்காரர்
"அரமண எங்க ஆச்சி?" என்று சுற்றிப் பார்த்தார்.
அந்த வாரம் எனக்கு ஐந்து பிள்ளைகள் வேண்டும்.
பெயர்கூட வைத்துவிட்டேன்,
ஐந்தாவதுக்கு மட்டும் இரண்டு.

கீழே கிடந்த மாசி முழுக்க
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
சீப்பு கனத்தது.
அப்போது கேட்டிருந்தால்
பிள்ளை எதற்கு, நானே எதற்கு என்றிருப்பேன்.

இதில் யாரைக் கேட்டு முடிவெடுப்பது?

அயித்தை வழி கண்டுவிட்டார்கள்:
"பங்காளி வீட்டுல மூணு இருக்கு,
ஒண்ணப் பிள்ளை கூட்டிக்குவோம்."
என்னமோ பூச்சி விழாத விதைநெல் மாதிரி.
அந்த வீட்டில் குடிப்பது யார்,
கிணற்றில் விழுந்தது யார் என்று
எனக்கும் தெரியும். சொல்லவில்லை.

பத்தில் ஒன்று என்றார் டாக்டர்,
தோராயமாக, கொஞ்சம் தயங்கி.
திரும்பும் பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தேன்.
மேலூரில் ஏறிய பூக்காரி ஒன்று,
கண்டக்டர் இரண்டு,
ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்த பயல் ஏழு.
திருப்பத்தூர் தாண்டியும்
பத்தாவது யாரென்று முடிவாகவில்லை.
மடியில் மாத்திரைப் பையோடு நான் இருந்தேன்.

அப்பச்சி ஒரு தைப்பூசத்துக்கு நடந்து போனவர்
பழனியோடு நிற்கவில்லை.
கோயம்புத்தூரில் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.
முருகன் அருள் என்றார்கள், பிறகு கிறுக்கு என்றார்கள்,
மாத்திரை என்று ஒருவரும் சொல்லவில்லை.
அவரை யாராவது முன்கூட்டியே கணக்குப் பார்த்திருந்தால்
நான் இல்லை.
இல்லாமலே இருந்திருக்கலாமா?
கோட்டில் நின்ற ஒரு நாளில் நிதானமாய் யோசித்தேன்.
நுங்கு, சாத்தப்பனின் குறட்டை,
கொல்லையில் அடுக்கிக் கிடக்கும் அந்தக் கற்களில்
மழை பட்டதும் எழும் சிவப்பு.
விட்டுக்கொடுக்க மனசில்லை.
ஆனால் அது என் மனசு.
அந்தப் பிள்ளையை நான் எங்கே போய்க் கேட்பது?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்:
தூக்கம் போனால் எல்லாம் போகும்.
பச்சைப்பிள்ளை தூங்க விடுமா?
இதற்கு நான் பதில் தேடவில்லை.
இரும்புக் கடைக் கணக்குப்பிள்ளை வந்து
"அண்ணன் ஆணிக்குப் பெயிண்ட் வெலை போடுறாக" என்றபோதுதான்
வேறு யாரோ தேடுவது தெரிந்தது.

நாலு நாளாய் ராத்திரி
ஒன்று, மூன்று, ஐந்து மணிக்கு
தலையணைக்கடியில் செல்போனை அதிரவிட்டு
எழுந்து போய்ச் சுடுதண்ணீர் போட்டு
இல்லாத ஒன்றைத் தோளில் சாய்த்து
அடுப்படிக்கும் வாசலுக்குமாய் நடந்திருக்கிறார்.
"ராத்திரிப் பாலு என்னோடது.
முடியுமான்னு பாத்தேன்."
திருடிப் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

ஐந்தாம் ராத்திரி மூன்று மணிக்கு
அது அதிர்ந்துகொண்டே இருந்தது.
அவர் வாய் திறந்து தூங்கினார்.
நான் எழுந்து அணைத்தேன்.
சுடுதண்ணீர் போட்டு நானே குடித்தேன்.
திரும்பிப் படுத்து, பயந்தபடி காத்திருந்தேன்,
அந்தப் பழைய வேகம் கால் வழியே ஏறுமா என்று.

கண் விழித்தபோது பால்காரர் மணி.

ஏட்டைத் திறந்து கோட்டிலேயே வைத்தேன் புள்ளியை.
பக்கத்தில் சரி என்றும் எழுதவில்லை
வேண்டாம் என்றும் எழுதவில்லை.
மருந்தை மாற்றிப் பார்க்க எத்தனை மாதம் ஆகும்?
கேட்க வேண்டும், வியாழக்கிழமை, முதல் பஸ்.

சாத்தப்பனை எழுப்பவில்லை.
கடை இன்றைக்குப் பத்து மணிக்குத் திறந்தால் போதும்.