மூன்றாம் மாடி எடை எந்திரம்

மெஜிதியா நகரம், கால்வாய்க்கரைக் குடியிருப்பு.
மூன்றாம் மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள்,
நடுவே தரையில் ஓர் எடை எந்திரம்.
ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கியதால்
எந்த வீட்டுக்குள்ளும் அது போவதில்லை.
நான் நாலாம் மாடி.
விடியலில் சிமெண்ட் ஆலைக்கு இறங்கும்போது
தாண்டித்தான் போகவேண்டும்.

அய்தென் எண்பத்தொன்பது.
ஸம்ஃபீரா தொண்ணூற்று மூன்று.
ஒட்டுக்கேட்டதில்லை;
சுவரில் பென்சிலால் எழுதி வைக்கிறார்கள்.

மார்ச்சில்
தண்டவாளத்தோரம் கையுறை போட்டுக்கொண்டு
செந்தட்டி பறித்து வருவாள் ஸம்ஃபீரா.
வெந்நீரில் ஒரு முக்கு. பூண்டு. உப்பு.
கையைக் கடித்த கீரை
வாயில் பணிந்து போகும்.
தவிடு புளித்த நீரில் காய்கறி கொதிக்க
படிக்கட்டு முழுக்கப் புளிப்பு ஏறும்.

எதிர் வீட்டில்
லீக்ஸும் கேரட்டும் ஒரு பிடி அரிசியும்
ஆலிவ் எண்ணெயில் மெத்தென வெந்து
ஜன்னலோரம் ஆறும்.
"ஆறினதை யாரடி தின்பாள்?"
"ஆறினால்தான் இது பதம்.
சுடச்சுட விழுங்கித்தானே இப்படி ஆனோம்?"
எலுமிச்சை பிழிந்து ஒரு தட்டு
கதவு மாறிப் போகும்.
சண்டை நிற்காது, தட்டும் நிற்காது.

அந்த வருடம்
இவள் ரமலானும் அவள் தவக்காலமும்
ஒரே மாதத்தில் வந்தன.
பென்சில் ஓடி ஓடிக் கீழே இறங்கியது.
பிறகு பெருநாள், பிறகு ஈஸ்டர்.
பக்லாவா அந்தப்பக்கம் போனது,
வால்நட் ரொட்டி இந்தப்பக்கம் வந்தது.
பதினாறு நாள் சுவரில் ஒரு எழுத்தில்லை.
எந்திரத்தின் மேல்
யாரோ ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள்.

ஜூலையில் கத்தரிக்காய்.
இரண்டு அடுப்பிலும் தோல் கருகும் வாசனை;
சட்டையோடு ஆலைக்கு வரும்,
சிமெண்ட் தூசியும் அதை மறைக்காது.
ஸம்ஃபீரா மரக்கத்தியால் கொத்துவாள்;
இரும்பு பட்டால் கோபத்தில் கறுத்துவிடுமாம்.
அய்தென் நீளக் கீறி
வெங்காயமும் தக்காளியும் திணிப்பாள்.
அந்தப் பதார்த்தத்தின் பேரே
இமாம் மயங்கி விழுந்தார் என்பதுதான்.
ருசியிலா, செலவான எண்ணெயைக் கேட்டா,
அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.
இவள் ஊற்றியதோ ஒரே கரண்டி.
தின்றுபார்த்து ஸம்ஃபீரா சொன்னாள்:
"மயங்கவில்லை.
சற்றே உட்கார்ந்தார்."

எண்பத்தாறு. தொண்ணூறு.
அங்கேயே நின்றுவிட்டது.
எந்திரம் பொய் சொல்கிறது என்றாள் ஒருத்தி.
தரை சரிவு என்றாள் மற்றவள்.
இருவரும் சேர்ந்து அதை
அரையடி தள்ளி வைத்தார்கள்.
தொண்ணூறு. எண்பத்தாறு.

செப்டம்பரில்
கட்டடத்தின் பின்னால் கல்லடுப்பு மூட்டினார்கள்.
குளிர்காலத்துக்கு ஸாகூஸ்கா:
சுட்ட குடைமிளகாய், சுட்ட கத்தரி,
வெங்காயம், தக்காளி, பிரிஞ்சி இலை.
பங்கு பிரிக்கத் தகராறு வரக்கூடாதென்று
எந்திரம் முதன்முதலாகப் படியிறங்கியது.
அண்டாவின் எடை போக முப்பது கிலோ.
காலையிலிருந்து மாலைவரை
துடுப்பு மாறி மாறிக் கிண்டினார்கள்.
புகைக்குக் கண் சுருக்கி, முந்தானித் துணி சிவந்து.
இறக்கி வைத்துப் பார்த்தால் பத்தொன்பது.

அய்தென் இடுப்பில் கை வைத்தாள்.
"பார் இவளை.
ஒரே நாளில் பதினொரு கிலோ!"
ஸம்ஃபீரா பெருமூச்சு விட்டாள்.
"அதுவும் இரண்டு லிட்டர் எண்ணெய் குடித்துவிட்டு."

அந்தச் சிரிப்பு நாலு மாடி ஏறி வந்து
என் ஜன்னலைத் தட்டியது.

முப்பத்தேழு பாட்டில் தேறியது.
பதினெட்டு, பதினெட்டு.
மீந்த ஒன்று என் கதவடியில் இருந்தது,
இன்னும் சூடாக.

மறுநாள் விடியலில்
எந்திரம் பழைய இடத்தில்.
கண்ணாடியில் ஒரு சிவப்பு விரல்தடம்.
சுவரில் இரண்டு வரிசைக்குப் பக்கத்தில் மூன்றாவது:
ஸாகூஸ்கா, முப்பது, பத்தொன்பது.
தாண்டப் போன காலை
ஏனோ அதன்மேல் வைத்தேன்.
நூற்றிரண்டு.
சாப்பாட்டுப் பைக்குள் பாட்டில் இருக்கிறதே,
அதைக் கழிக்கவேண்டும் என்று நினைத்தபடி
பென்சிலைத் தேடினேன்.